மேல்வரிசை மட்டும்

ஒரு பல்லுக்கு எவ்வளவு என்று கேட்டவர் எங்கள் கிளினிக்கில் அவர் ஒருவர்தான்.

பல் பிடுங்க வருகிறவர்கள் அப்படிக் கேட்பார்கள், அது நியாயம். அவர் கேட்டது பல்லை வெள்ளையாக்குவதற்கு. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த பல் மருத்துவமனையில் அப்போது நான் வரவேற்பில் வேலை பார்த்தேன். வரவேற்பு என்றால் சீட்டுப் போடுவது, போன் எடுப்பது, டாக்டரம்மாவுக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பது, நோயாளிகள் கொப்பளித்த தொட்டியைக் கழுவுவது எல்லாம் சேர்த்துத்தான். கச்சிராயபாளையத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்து போவேன்.

கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் ஒரு கோப்பு. மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ம்மா, மேல ஆறு பல்லுக்கு இன்னா ஆவும்?"

"எந்த ஆறு சார்?"

"சிரிச்சா தெரியுமே, அந்த ஆறு."

பல் கணக்கில் செய்வதில்லை, வாய் முழுக்கத்தான் என்றேன்.

"கீழ்வரிசைய எவன் பாக்கறான்? இவ்ளோ நேரம் பேசிக்கினு இருக்கேனே, நீ பாத்தியா?"

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். கீழ்உதட்டை லேசாகத் தூக்கி, தாடையைச் சற்று முன்னே தள்ளி, மேல்வரிசை மட்டும் தெரியும்படி பேசினார். பிறவியில் வருவதில்லை அது; கண்ணாடி முன் நின்று பழகினால்தான் வரும்.

அவர் வீட்டுமனை விற்பவர். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபிறகு சோளம் விளைந்த காட்டிலெல்லாம் கல் நட்டார்கள் அல்லவா, அப்படி நட்டவர்களில் ஒருவர். ஊரில் எல்லோரும் அவரை ப்ளாட்டுக்காரர் என்றுதான் சொன்னார்கள். என் பஸ் போகும் சாலையில்தான் அவருடைய மனைப்பிரிவு இருந்தது. வாசலில் இரண்டு சிமெண்டு யானைகள் தும்பிக்கை தூக்கி நிற்கும் பெரிய வளைவு. உள்ளே நுழைந்ததும் ஒரு நீரூற்று. அது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பொங்கும், ஏனென்றால் மனை பார்க்க ஆட்கள் வருவது அன்றைக்குத்தான். வளைவிலிருந்து ஐம்பதடிக்குத் தார் ரோடு. அதற்கு அப்பால் செம்மண். அதற்கும் அப்பால் கருவேலம். வருகிறவர்களை நீரூற்றின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வரைபடத்தை விரித்து, சிரிப்பார். எழுந்து உள்ளே நடந்து பார்க்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை.

அவருடைய வீடும் அதே சாலையில்தான். தெருவைப் பார்த்த சுவர் ரோஜா நிறம், தாமரைப்பூ ஓடு, பளபளக்கும் கம்பிக் கதவு. பக்கச் சுவர்களுக்குப் பூச்சே கிடையாது. எங்கள் பஸ் அந்த வீட்டைக் கடக்கிற இரண்டு நொடியில் அது பங்களாவாக இருந்து செங்கல் சூளையாக மாறிவிடும்.

"பாக்கறவன் எங்க நிக்கறானோ அந்தப் பக்கம் சுத்தமா இருந்தா போதும்மா. நாலு பக்கமும் செஞ்சா நாலு மடங்கு செலவு, பாராட்டு ஒண்ணுதான்." இதை அவர் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். வண்டியை முன்பக்கம் மட்டும் துடைப்பார். சட்டையின் முன்பாதியும் கழுத்துப்பட்டையும்தான் தேய்த்திருக்கும். திரும்பினால் முதுகு கசங்கிக் கிடக்கும். அதனாலோ என்னவோ, அறையை விட்டுப் போகும்போதுகூடப் பேசிக்கொண்டே இரண்டடி பின்னால் நடந்துதான் போவார்.

டாக்டரம்மா சின்ன வயது, சிரித்த முகம். ஆனால் பேச்சில் விட்டுக்கொடுக்கமாட்டார். நாற்காலியில் சாய்த்து, விளக்கை இழுத்து, பார்த்தார்.

"பல்லுல என்ன போட்டுத் தேய்ச்சீங்க?"

"வூட்லயே கொஞ்சம் முயற்சி பண்ணேன் டாக்டர். எலுமிச்சம்பழம், சோடா உப்பு. அப்புறம் கரித்தூள். போன்ல ஒருத்தன் வாழப்பழத் தோலுன்னான், அதையும் விடல."

"எத்தனை நாளா?"

"எலுமிச்சம்பழம் மட்டும் ஒரு மாசமா. பித்தள பாத்திரமே பளிச்சுனு ஆவுதே."

"பாத்திரத்துக்குக் கூச்சம் வராது சார். உங்க பல்லு மேல இருக்கிற பூச்சைத்தான் தேய்ச்சு எடுத்திருக்கீங்க. மேல்பூச்சு போனா உள்ள இருக்கிற மஞ்சள்தான் ஜாஸ்தியா தெரியும்."

மேல்பூச்சு போய்விட்டது என்றதும் அவர் முகத்தில் நான் பார்த்த அதிர்ச்சியை அதற்குப் பிறகு ஒரே ஒருமுறைதான் பார்த்தேன்.

டாக்டரம்மா மூன்று வழி சொன்னார். நாற்காலியில் உட்காரவைத்து மருந்து தடவி விளக்கு காட்டிச் செய்வது ஒன்று. ஒரே நாளில் முடியும், விலை அதிகம். அவரவர் பல்லுக்கு அளவெடுத்துச் செய்த தட்டில் மருந்து வைத்து வீட்டிலேயே தினமும் அரைமணி நேரம் மாட்டிக்கொள்வது இரண்டாவது. இரண்டு வாரம் ஆகும், செலவு பாதிக்கும் கீழே. மூன்றாவது, பல்லில் படிந்த காறையைச் சுத்தம் செய்துகொண்டு, ஒரு நாளைக்கு இருபது டீ குடிப்பதை நாலாகக் குறைத்துக்கொண்டு, வருகிற நிறத்தை ஏற்றுக்கொள்வது.

"என்னக் கேட்டா மூணாவதுதான்" என்றார்.

அவர் இரண்டாவதில் பாதியை எடுத்துக்கொண்டார். மேல்வரிசைக்கு மட்டும் தட்டு. டாக்டரம்மா சிரித்துவிட்டு, அப்படியும் செய்யலாம், தப்பில்லை என்று ஒத்துக்கொண்டார். முதலில் சுத்தம் செய்தாக வேண்டும் என்றதற்கு மட்டும் முணுமுணுத்தார். சுத்தம் செய்யும்போது மேல்வரிசை முடிந்ததும் எழுந்துவிடப் பார்த்தார். தோளைப் பிடித்து உட்காரவைத்தது நான்தான்.

தட்டைக் கொடுக்கும்போது நானே விளக்கிச் சொன்னேன். பல்லுக்கு ஒரு அரிசி அளவு மருந்து. அரைமணி. கழற்றிக் கொப்பளிக்க வேண்டும். ஈறில் பட்டால் துடைக்க வேண்டும். தலையாட்டினார்.

நாலாம் நாள் காலையில் கிளினிக் திறக்கும் முன்பே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். வாயைச் சுற்றித் துண்டு. துண்டை எடுக்கச் சொன்னால் எடுக்கமாட்டேன் என்கிறார்.

"காத்து பட்டாலே சுள்ளுங்குது டாக்டர். வண்டில வரும்போது உயிர் போயிட்டுது."

"எவ்வளவு நேரம் மாட்டினீங்க?"

"ராத்திரி படுக்கும்போது மாட்டினா விடிகாலைல கழட்டறேன்."

"அரைமணின்னுதானே சொன்னேன்?"

"காசு குடுத்த மருந்து டாக்டர். அரைமணில கழட்டினா மிச்சம் வீணாப் போவாது?"

ஈறெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. ஒரு வாரம் மருந்தைத் தொடவே கூடாது, கூச்சத்துக்கான பேஸ்ட்டை விரலால் தடவி விட வேண்டும், மெதுவான பிரஷ், குளிர்ச்சியும் புளிப்பும் கிட்டே வரக்கூடாது, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் அரைமணி, அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூடக் கூடாது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இந்தப் பேஸ்ட்டுக்கு தனியா காசா?"

"ஆமா சார்."

"வெள்ள ஆவறதுக்கு ஒரு காசு, வெள்ள ஆனதுக்கு ஒரு காசு. நல்ல யாவாரம்மா இது. நான் மண்ணுல போயி விழுந்துட்டேன்."

ஆனாலும் வாங்கினார். ஒரு மாதத்தில் மேல்வரிசை வெளுத்தது. உண்மையிலேயே நன்றாக வெளுத்தது. கீழ்வரிசை பழைய தேநீர் நிறத்திலேயே இருந்தது. எதிர்பாராமல் சிரிப்பு வந்துவிட்டால், சட்டென்று கையிலிருக்கும் கோப்பால் வாயைப் பாதி மறைத்துக்கொள்வார், புதுப்பெண் முந்தானையை இழுப்பதைப் போல. சாலையோரத்தில் அவர் படம் போட்ட பலகை ஒன்று எழுந்தது. அதில் அவர் பின்னால் நிற்கும் யானைகளைவிட அவர் பல்தான் முதலில் தெரிந்தது.

கெட்டவர் என்று அவரைச் சொல்ல எனக்கு மனம் வராது. மாடிப்படி ஏற முடியாத பாட்டிமாரைக் கைபிடித்து ஏற்றிவிடுவார். எனக்குத் தீபாவளிக்கு இனிப்பு கொடுத்தார். யாராவது பார்த்தால்தான் உதவுவார் என்று டாக்டரம்மா சொல்லுவார். இருக்கலாம். யாரும் பார்க்காதபோது அவர் என்ன செய்தார் என்பதை நான் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

ஒருமுறை மருந்து தீர்ந்து, புதிதாக வாங்க வந்தபோது மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவை நான் முதலில் பார்த்தது அன்றைக்குத்தான். காத்திருக்கும் நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இடது கன்னத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தார். உள்ளே இருந்து எட்டிப் பார்த்த டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார்.

கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல். நன்றாகச் சொத்தை. வேர்வரை போயிருந்தது.

"வேர் சிகிச்சை பண்ணி மேல ஒரு கேப் போட்டா காப்பாத்திடலாம். மூணு நாலு தடவ வரணும்" என்றார் டாக்டரம்மா.

வாசலில் நின்ற அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கடைவாய்ப் பல்லா? புடுங்கிடுங்க டாக்டர். அது எங்கியோ பின்னாடி கெடக்குது, யாரு பாக்கப் போறா?"

"பாக்கறதுக்கு இல்ல சார், மெல்லறதுக்கு."

"அந்தப் பக்கம் ஒண்ணு இருக்குதுல்ல?"

வாயில் கண்ணாடி வைத்திருக்கும்போது அந்த அம்மாவால் என்ன சொல்ல முடியும்? இப்போதைக்கு மாத்திரை போதும் என்று ப்ளாட்டுக்காரரே முடிவுசெய்து, வாங்கிக்கொண்டு இருவரும் படியிறங்கினார்கள். அவருடைய கையில் புது மருந்து, மனைவி கையில் மாத்திரைச் சீட்டு. எனக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. ஒரே வீட்டில் ஒரு வாய் பளபளப்புக்கு மருந்து வைத்துக்கொள்கிறது, இன்னொரு வாய் வலிக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சர்க்கரை ஆலையில் எலெக்ட்ரீஷியன். "பல் டாக்டர் வூட்ல வேல பாத்துக்கினு ஊர் வாயெல்லாம் நீ எண்ணிக்கினு இருக்காத" என்றார்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று மதியம்வரை கிளினிக் உண்டு. அந்த அம்மா தனியாக வந்தார். இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. சொசைட்டியில் பால் ஊற்றி வாங்கிய காசைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்திருந்தார்.

"அவுரு எங்கம்மா?"

"மலைக்குப் போயிருக்காரு. மனை வாங்கறவங்கள வேன்ல ஏத்திக்கினு அருவி காட்டப் போயிருக்காரு. வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க" என்றார். வாயைத் திறக்க முடியாமல் பாதிப் பாதியாகத்தான் சொன்னார்.

மரத்துப்போக ஊசி போட்டு, டாக்டரம்மா பல்லைத் திறந்தார். சீழ் வெளியேறியதும் அந்த அம்மா விட்ட மூச்சு வெளியறைவரை கேட்டது. எத்தனை நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சோ.

மணி ஒன்று இருக்கும். நான் கதவைச் சாத்தப் போகும்போது படியில் தடதடவென்று சத்தம். அவர்! சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வாயை இரண்டு கையாலும் பொத்தியிருந்தார்.

நடந்தது இதுதான். கல்வராயன் மலை அருவியில் எல்லோரும் குளித்திருக்கிறார்கள். மனை வாங்க வந்த ஒருவர், அருவிக்குக் கீழே அவரோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறார். படம் என்றதும் இவர் பல்லைக் காட்டியிருக்கிறார். மலைத்தண்ணீர் நேராக மேல்வரிசையில் விழுந்திருக்கிறது. அவர்கள் எல்லோரையும் டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு, கீழே வந்த யாரோ ஒருவருடைய வண்டியில் தொற்றிக்கொண்டு வந்துவிட்டார். டாக்டர் சொன்ன ஒருநாள் விட்டு ஒருநாளை அவர் முந்தின வாரம்தான் கைவிட்டு, மறுபடி ராத்திரி முழுக்க மாட்ட ஆரம்பித்திருந்தார். மலைக்குப் போனால் படம் எடுப்பார்கள், அன்றைக்கு இன்னும் கொஞ்சம் வெளுக்கட்டும் என்று.

"டாக்டர் உள்ள இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்அறைக் கதவைத் தள்ளிவிட்டார். நான் தடுக்க நேரமில்லை.

நாற்காலியில் மனைவி. வாய் முழுக்கத் திறந்திருந்தது, உள்ளே விளக்கு.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இருவருமே மற்றவருக்குத் தெரியாமல் வந்தவர்கள். டாக்டரம்மா எழவில்லை.

"வாங்க சார். அன்னிக்கு யாரு பாக்கப் போறான்னு கேட்டீங்கல்ல? நீங்களே பாருங்க" என்று சின்னக் கண்ணாடியை உள்ளே காட்டினார்.

அவர் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தபடி இருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் அந்த அதிர்ச்சி இருந்தது. நான் இரண்டாவது முறையாகப் பார்த்தது அதைத்தான்.

டாக்டரம்மா பஞ்சை வைத்து மூடி, அந்த அம்மாவை எழுந்து உட்காரச் சொன்னார். நான் டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன்.

"எவ்ளோ நாளா இப்பிடி?" என்று அவர் மனைவியிடம் கேட்டார்.

"பொங்கலுக்கு முந்தியே."

"சொல்லவே இல்லியே."

"சொன்னேன். நீங்க கண்ணாடி பாத்துக்கினு இருந்தீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பேப்பர்காரர் இன்று வரவில்லை என்பதைப் போலச் சொன்னார். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மின்விசிறிக் காற்று பல்லில் பட்டதும் மூடிக்கொண்டார். அன்று இருவரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். அவர் வாயைச் சுற்றித் துண்டு, அந்த அம்மா கன்னத்தைச் சுற்றி முந்தானை. சந்தில் பூக்காரி நின்று பார்த்துச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு மூன்று தடவையும் அவரே கூட்டி வந்தார். கடைசியாகக் கேப் போடும் நாள். டாக்டரம்மா இரண்டு வகையைக் காட்டினார். உலோகக் கேப், விலை கம்மி, உழைக்கும். பல் நிறத்தில் உள்ளது, விலை அதிகம். ப்ளாட்டுக்காரருக்குப் பழக்கம் விடுமா?

"கடைவாய் தானே டாக்டர், அந்த இரும்பே…"

"வெள்ளையே போடுங்க" என்றார் மனைவி.

"யாரு பாக்…"

"என் நாக்கு பாக்கும்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சாமான் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் வெளியே வந்து, பேரம் பேசாமல், ரசீதைக்கூடப் படிக்காமல் பணத்தை எடுத்து வைத்தார். அந்த அம்மா எனக்குச் சிநேகிதமானது அன்றிலிருந்துதான். கச்சிராயபாளையம் சந்தைக்கு வந்தால் என் வீட்டுக்கு வந்து ஒரு வாய் டீ குடிக்காமல் போகமாட்டார்.

இந்த இடத்தில் நிறுத்தினால் அவர் திருந்திவிட்டார் என்று ஆகிவிடும். அப்படியொன்றும் இல்லை. யானைகளுக்குப் புதுச் சாயம் அடித்தார். வீட்டின் பக்கச் சுவர் செங்கல்லாகவே இருந்தது.

என் வீட்டுக்காரர் என்னை அழைத்துப் போக வண்டியோடு வந்த ஒரு சாயங்காலம், ப்ளாட்டுக்காரர் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். இருவரும் பேசிக்கொண்டார்கள். பத்து நிமிஷம். வீடு போகும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் வளைவைப் பற்றியும் நீரூற்றைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார். முன்வரிசை நமக்குக் கட்டுபடியாகாது, கடைசி வரிசையில் ஒன்று வாங்கிப் போட்டால் என்ன என்றார். வாடகை வீட்டில் எட்டு வருஷம் இருந்தவர்களுக்கு அந்த ஆசை வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது. அந்த மனிதரின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அவ்வளவு தெரிந்துவைத்திருந்த எனக்கே வந்தது.

மறுநாள் மதியம் ப்ளாட்டுக்காரர் கிளினிக்குக்கு வந்தார். சீட்டுப் போடவில்லை. மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, உன் வூட்டுக்காரரு கடைசி வரிசைல ஒண்ணு கேக்கறாரு. வாணாம்."

"ஏண்ணே?"

"மழை ஜாஸ்தியானா ஏரித் தண்ணி வழிஞ்சி அங்கதான் வந்து நிக்கும். பள்ளம். நீ அங்க வூடு கட்டாத."

"அப்ப மத்தவங்களுக்கு மட்டும் எப்பிடி விக்கறீங்க?"

"அவங்க கேக்கறாங்க, விக்கறேன். நீ என் பொண்டாட்டிக்குத் தண்ணி புடிச்சிக் குடுத்தவ. அதான் சொல்றேன்."

பேசி முடிக்கும்வரை அவர் உதட்டைத் தூக்கிப் பிடிக்கவே இல்லை. கீழ்வரிசை முழுதும் தெரிந்தது. கோணலும் மாணலுமாக, நடுவில் ஒரு பல் சற்றுச் சாய்ந்து, யாருடைய வாயிலும் இருப்பதைப் போன்ற சாதாரணப் பற்கள். அத்தனை நாள் பழக்கத்தில் அவரை எனக்குப் பிடித்துப்போனது அந்த ஐந்து நிமிஷத்தில்தான்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார்.

"தன் சரக்க தானே வாணாம்னு ஒருத்தன் சொல்றான்னா, அதுல இன்னாவோ இருக்குது. அந்தப் பக்கமா பெரிய ரோடு வரப்போவுதுன்னு நெனைக்கறேன். வேற யாருக்கோ ஜாஸ்தி வெலைக்குத் தர்றதுக்கு எடுத்து வெக்கறான்."

"இல்லங்க, அவுரு உண்மையாத்தான் சொன்னாரு."

"ப்ளாட்டுக்காரன் உண்மை சொன்னான்னு நீ சொல்ற. ஊர்ல போயி வெளிய சொல்லாத."

மறுவாரம் போய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தார். ப்ளாட்டுக்காரரும் வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று வாயால் சொல்லியும் கேட்காதவரிடம் வாங்காமல் இருக்கும் அளவுக்கு அவர் மாறியிருக்கவில்லை.

கடன் வாங்கி, நகை வைத்து, இரண்டு வருஷத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு கடைசி வரிசைக்கே வந்துவிட்டோம். முதல் வருஷம் மழை கம்மி. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து ஜெயித்துவிட்டதாகச் சிரித்தார். அடுத்த வருஷம் கார்த்திகையில் நாலு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலையில் எழுந்து சமையலறைப் பக்கம் போனால், தவலை மிதந்து வந்து என் காலில் இடித்தது. பின்கதவுக்கு வெளியே முழங்கால் தண்ணீர். வாசலில் பொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை; மழை விட்டால் கோலம் போடலாம்.

ப்ளாட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகக் கிளம்பிய என் வீட்டுக்காரர், பாதி வழியில் அவர் எச்சரித்தது நினைவுக்கு வந்து திரும்பி வந்துவிட்டார். நான் அந்த அம்மாவுக்குத்தான் போன் செய்தேன். குறை சொல்வதற்கில்லை, அழுவதற்கு.

மழை விட்ட மறுநாள் விடிந்ததும் ஒரு டிப்பர் லாரி வந்து நின்றது. ப்ளாட்டுக்காரர் அனுப்பினார் என்று டிரைவர் சொன்னான். பின்பக்கத்தை மேடாக்க இரண்டு லோடு கிராவல் மண். கேட்காமலே அனுப்பியிருக்கிறார். டிரைவர் இரண்டு லோடையும் எங்கள் வீட்டு வாசலில், முன்கதவைத் திறக்க முடியாத அளவுக்கு மலைபோலக் கொட்டிவிட்டுப் போய்விட்டான். முன்னாடிதான் கொட்டச் சொன்னாராம்.

நானும் என் வீட்டுக்காரரும் பாண்டுச் சட்டியில் அள்ளி அள்ளி, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் சுமந்தோம். இரண்டு நாளில் இடுப்பு விட்டுப்போயிற்று. மண்மலை பாதிகூடக் குறையவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ப்ளாட்டுக்காரர் தன் மனைவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த அம்மா இறங்கியதும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு சட்டியை எடுத்துவிட்டார். அவர் சாலையில் நின்றபடி, மண்ணை எப்படிப் பரப்ப வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்குக் கை காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா நாலு நடை போய் வந்துவிட்டு, ஐந்தாவது நடைக்கு நின்று அவரை ஒரு பார்வை பார்த்தார்.

அவர் கையிலிருந்த கோப்பினை வண்டியில் வைத்தார். சட்டையைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினார். ஒரு சட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தார். தான் விற்ற கடைசி வரிசையின் பின்பக்கத்துக்கு, எனக்குத் தெரிந்து, அவர் வந்தது அதுதான் முதல் தடவை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேற்றில் கால் புதையப் புதைய நின்று சுற்றிலும் பார்த்தார். எங்கள் வீட்டை அடுத்து நாலு வீடுகள். அவற்றின் பின்கதவுகளிலும் தண்ணீர்க் கறை முழங்கால் அளவுக்கு ஏறியிருந்தது.

"இங்க ஒரு வாய்க்கா வுட்டிருக்கணும்" என்றார்.

"யாரு வுட்டிருக்கணும்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கொஞ்சம் வேண்டுமென்றேதான் கேட்டார்.

அவர் மண்ணைக் கொட்டிச் சட்டியை உதறினார். "வேற யாரு? நான்தான்."

சாயங்காலம்வரை நாலு பேரும் சுமந்தோம்.

அடுத்த வாரம் வாய்க்கால் வெட்டும் இயந்திரம் வந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை, கடைசி வரிசை முழுக்க வெட்டி, அந்தப் பக்கத்து ஓடையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். அதற்கு அவர் பூசை போடவில்லை, படம் எடுக்கவில்லை, சாலையோரப் பலகையில் ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. மனை பார்க்க வருகிறவர்களிடமும் சொல்வதில்லை. அப்படியொரு வாய்க்கால் ஓடுவது எங்கள் வரிசையில் இருக்கிற ஐந்து வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும்.